சாயம் முக்கும் முன் நூலைப் பாருங்கள்

இரவு கையில் மருதாணி வைத்துக்கொண்டு தூங்கினால் காலையில் இரண்டு இடத்தில் நிறம் தெரியும். ஒன்று கை, இன்னொன்று தலையணை உறை. கையில் இருப்பது மறுநாளுக்குள் நன்றாகச் சிவந்து கறுக்கும், நகத்தில் பட்டது நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். உறையில் பட்டதோ சலவைக்குச் சலவை வெளிறி, காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். அரைத்தது ஒரே இலை, பட்டது ஒரே இரவு. தோலில் நின்ற நிறம் பருத்தியில் நிற்கவில்லை. வீட்டில் துணிக்குச் சாயம் முக்குவதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த ஒரு விஷயத்துக்குள்ளேயே இருக்கிறது.

தோல், நகம், முடி, கம்பளி, பட்டு எல்லாம் புரதம். பருத்தி, லினன், சணல், ரேயான் எல்லாம் செல்லுலோஸ், அதாவது காகிதத்துக்கும் மரக்கட்டைக்கும் சொந்தம். மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற நிறப்பொருள் புரதத்தைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். செல்லுலோஸில் சும்மா மேலாக உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போகும். ஆகவே "இது நல்ல சாயம், இது மட்டமான சாயம்" என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தமில்லை. எந்த நூலுக்கு நல்ல சாயம் என்றுதான் கேட்க வேண்டும். பழைய வேட்டி, நரைத்துப்போன துப்பட்டா, கறை படிந்த தலையணை உறை இதையெல்லாம் ஒரு பக்கெட்டில் புதுசாக்கிவிடலாம், சாயம் ஏற்றுவதற்கு அடுப்பு கூட வேண்டியதில்லை, நான் பல வருடமாகச் செய்கிறேன். ஆனால் சாயப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் கையில் இருக்கும் துணி என்ன நூல் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நூல்

கடையில் "காட்டன்" என்று சொல்லிக் கொடுப்பதில் பலதும் பாலியஸ்டர் கலந்தவை. தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள், இப்போதெல்லாம் பாலியஸ்டரையே பருத்தி மாதிரி மெத்தென்று நெய்கிறார்கள். எரித்துப் பார்ப்பதுதான் வழி. ஓரத் தையலின் உள்பக்கத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் சட்டென்று பிடித்து எரியும், காகிதம் எரிகிற வாசனை வரும், ஊதினால் பறந்துவிடும் சாம்பல்தான் மிஞ்சும். பட்டும் கம்பளியும் முடி கருகிய நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் அணையப் பார்க்கும், நுனியில் கறுப்பாக வரும் உருண்டையை நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் எரிவதற்கு முன்னாலேயே உருகிச் சுருங்கி, கரும்புகை விட்டு, நுனியில் கல் மாதிரி ஒரு மணியாக நிற்கும், எவ்வளவு அழுத்தினாலும் நசுங்காது. (ஆறும் முன் தொடாதீர்கள், விரலில் ஒட்டிக்கொண்டு சுடும்.) கலப்புத் துணியில் காகித வாசனையும் வரும், கல் மணியும் மிஞ்சும். அதில் பருத்திப் பங்குக்கு மட்டும்தான் நிறம் ஏறும் என்பதால் அடர்நீலம் முக்கினால் வெளுத்த ஜீன்ஸ் மாதிரி ஒரு நீலம் கிடைக்கும், அப்படித்தான் வரும் என்று தெரிந்து செய்தால் அதுவும் அழகுதான்.

நான் ஆரம்பத்தில் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு திரைச்சீலையைப் பாழாக்கினேன். "பியூர் காட்டன்" என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு மணி நேரம் கொதிக்கிற சாயத்தில் புரட்டி எடுத்து, குழாயடியில் பிடித்தால், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி அத்தனை நிறமும் வழிந்து ஓடிவிட்டது. துணியில் மிஞ்சியது அழுக்குப் பட்டதைப் போல ஒரு மங்கல். பாலியஸ்டர் தண்ணீரை உள்ளே விடுவதில்லை, தண்ணீரில் கரைந்து வரும் சாயத்துக்கும் அதே கதிதான். அதற்கென்று டிஸ்பர்ஸ் சாயம் என்று தனி வகை உண்டு. ஆலைகளில் அழுத்தக் கலனில் சுமார் 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி நூலைத் தளர்த்தி அதை உள்ளே அனுப்புகிறார்கள். வீட்டு அடுப்பில் 100 டிகிரியைத் தாண்ட முடியாது, வெளிர் நிறமோ நடுத்தர நிறமோ வரலாம், அதற்கும் நீண்ட நேரம் கொதிக்க வைக்க வேண்டும், ஆவி வேறு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாலியஸ்டரை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

நைலான் செயற்கை இழைதான் என்றாலும் அதன் கட்டமைப்பில் புரதத்தின் சாயல் உண்டு, பட்டுக்கான சாயத்தையே ஏற்றுக்கொள்ளும். ரேயான், விஸ்கோஸ் இரண்டும் மரக்கூழிலிருந்து வருவதால் பருத்தியின் கணக்கில் சேரும். பருத்தியை விட அடர்த்தியாகவே நிறம் பிடிக்கும்.

"உப்பு போட்டு ஊறவை" என்பது சரிதானா?

புதுத் துணி வாங்கினால் முதல் சலவையில் கைப்பிடி கல்லுப்பு போட்டு ஊறவை, சாயம் போகாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ஊறும்போது தண்ணீர் தெளிவாக இருப்பதும் உண்மைதான், அதனால்தான் இந்த நம்பிக்கை இத்தனை காலம் நிற்கிறது. ஆனால் அடுத்த வாரம் அதே துணியைச் சும்மா தண்ணீரில் போட்டால் மறுபடி சாயம் விடும். காரணத்தைத் தெரிந்துகொண்டால் சாயம் முக்குவது பாதி புரிந்த மாதிரி.

மளிகைக் கடையில் சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும், உப்புப் போட்டுக் கொதிக்க வைக்கச் சொல்லும் சாயங்கள் பெரும்பாலும் நேரடிச் சாயம் என்ற வகை. நீளமான, தட்டையான மூலக்கூறுகள். செல்லுலோஸ் இழையின் மேல் வாழைநார் படிந்த மாதிரி படிந்து, வலுவில்லாத ஈர்ப்பில் நிற்கும். தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் சாயத்துக்குத் தண்ணீரில் கரைந்து நிற்கப் பிடிக்காது, துணியின் பக்கம் ஒதுங்கும். சாயம் ஏற்றும்போது உப்புப் போடுவதன் வேலை அதுதான். முடிந்த துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் அதேதான் நடக்கிறது, உப்பு இருக்கும்வரை சாயம் வெளியே வராமல் இருக்கும், உப்பு போனதும் கதவு திறந்துகொள்ளும். புதிதாக எந்தப் பிடிப்பும் உண்டாகவில்லை. வினிகருக்கும் பருத்தியில் இதே நிலைதான். வினிகருக்கு உண்மையான வேலை பட்டிலும் கம்பளியிலும் நைலானிலும் இருக்கிறது: புளிப்பு ஏறினால் அவற்றின் இழையில் நேர்மின் ஏற்றம் உண்டாகிறது, அமிலச் சாயங்கள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். பருத்தியில் அப்படி ஏற்றம் பெறும் இடமே இல்லை.

பருத்தியைப் பிடிக்க வேதியியல் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகச் செய்யப் போய், தற்செயலாக மோவ் என்ற ஊதா நிறத்தைக் கண்டுபிடித்தார். செயற்கைச் சாயத் தொழிலே அங்கேதான் தொடங்குகிறது. பட்டில் அந்த ஊதா அருமையாக ஏறியது, பருத்தியில் நிற்கவில்லை. டானின் என்ற துவர்ப்புப் பொருளைத் துணியில் முதலில் ஏற்றிவிட்டுத்தான் நிற்க வைத்தார்கள். நம் ஊரில் கடுக்காய் போட்டுச் செய்ததும் அதே வேலைதான், அதைப் பிறகு சொல்கிறேன். 1884இல் காங்கோ சிவப்பு வந்தது, துணைப்பொருள் எதுவும் இல்லாமல் பருத்தியில் நேராக ஏறிய முதல் செயற்கைச் சாயம், நேரடிச் சாயம் என்ற பெயரே அதனால்தான். ஏறியது, ஆனால் ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் இறங்கியது. மோவ் வந்து சரியாக 100 ஆண்டு கழித்து, 1956இல், ரேட்டி, ஸ்டீபன் என்ற இருவர் கண்டுபிடித்த வினைபுரி சாயங்களை ஐசிஐ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரியாக்டிவ் சாயம் என்று கடையில் கேட்டால் கிடைப்பது இந்தக் குடும்பம்தான்.

இதில் என்ன புதுமை என்றால், இந்தச் சாயம் துணியின் மேல் படிந்து நிற்பதோடு நிற்காமல், காரத்தன்மையுள்ள தண்ணீரில் செல்லுலோஸோடு வினைபுரிந்து சகப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது, பள்ளியில் படித்தோமே, எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்ளும் பிணைப்பு, அது. அதற்குப் பிறகு சாயமும் நூலும் ஒரே மூலக்கூறு. சோப்புப் போட்டாலும் கொதிக்க வைத்தாலும் சுலபத்தில் பிரியாது. அந்தக் காரத்துக்கு நமக்குத் தேவைப்படுவது துணி சோடா, அதாவது சோடியம் கார்பனேட். இட்லி மாவில் போடும் ஆப்ப சோடா அல்ல, அது வேறு. அதில் இந்த வேலைக்குத் தேவையான காரம் கிடையாது. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு "சாயம் சரியில்லை" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேட்டி, ஒரு பக்கெட்

போன மாதம் அப்பாவின் பழைய 4 முழ வேட்டி ஒன்றை ஜன்னல் திரையாக்கினேன். அதையே உதாரணமாகச் சொல்கிறேன்.

முதல் வேலை எடை போடுவது. சாயம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் கணக்கு உலர்ந்த துணியின் எடையிலிருந்துதான் தொடங்கும். வேட்டி 240 கிராம் இருந்தது. நடுத்தர நிறத்துக்குத் துணி எடையில் 2 முதல் 3 சதவீதம் சாயம் போதும், எனக்கு அடர்நீலம் வேண்டும் என்பதால் 4 சதவீதம், ஏறக்குறைய 10 கிராம் எடுத்தேன். கறுப்புக்கு 6 முதல் 8 சதவீதம் வரை போகும், கறுப்பு சரியாக வரவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் சாயத்தில் சிக்கனம் பார்த்தவர்கள். தண்ணீர் துணி எடையைப் போல 20 மடங்கு, அதாவது சுமார் 5 லிட்டர். உப்பு லிட்டருக்கு 50 கிராம் வீதம் கால் கிலோ. துணி சோடா லிட்டருக்கு 15 கிராம் வீதம் 75 கிராம். வாங்கும்போது எம் வகையா எச் வகையா என்று கேட்டு வாங்குங்கள்: எம் வகை நம் ஊர் வெதுவெதுப்பிலேயே வேலை செய்யும், எச் வகைக்கு 80 டிகிரி வரை சூடு வேண்டும். பக்கெட்டில் முக்குவதற்கு எம்.

இரண்டாவது வேலையைத்தான் எல்லாரும் தவிர்ப்பார்கள், அதில்தான் முக்கால்வாசி திட்டுகள் உண்டாகின்றன. துணியில் கஞ்சியோ, எண்ணெயோ, புதுத் துணி என்றால் நூலின் இயல்பான மெழுகோ இருந்தால் அந்த இடத்தில் சாயம் இறங்காது, துணி திட்டுத் திட்டாக வரும். பழைய வேட்டியில் எத்தனை வருடக் கஞ்சி ஏறியிருக்கும்! ஒரு ஸ்பூன் துணி சோடாவும் கொஞ்சம் சோப்புத்தூளும் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்து அலசினேன், வெள்ளையாகத் தெரிந்த துணியிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் இறங்கியது. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் துணியைத் தோய்த்து வெள்ளாவி வைத்தார்களே, அந்த உவர்மண்ணில் இருந்த காரமும் இதே சோடாதான். அவர்கள் அத்தனை பாடுபட்டு ஆவி கட்டி எடுத்த வேலையை நாம் ஒரு பாத்திரத்தில் சின்ன அளவில் செய்கிறோம். புது காடாத் துணி என்றால் இதை இரண்டு முறை செய்யுங்கள். அலசிய துணியைக் காயவைக்க வேண்டாம், ஈரமாகவே இருக்கட்டும், ஈரத்துணியில்தான் சாயம் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி ஓடும்.

அப்புறம் சாயம். கையுறை, மூக்கில் துணி அல்லது முகக்கவசம் கட்டாயம். ரியாக்டிவ் சாயத் தூளை வருடக்கணக்காகச் சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா வந்திருக்கிறது, கரைத்துவிட்டால் அந்த ஆபத்து போய்விடும், ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தூளைக் கரையுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, கட்டியில்லாமல் வடிகட்டி, பக்கெட் தண்ணீரில் ஊற்றி, உப்பையும் முழுக்கக் கரைத்த பிறகுதான் துணியை இறக்க வேண்டும். பிளாஸ்டிக் பக்கெட் அல்லது எவர்சில்வர் பாத்திரம். அலுமினியம் வேண்டாம், சோடா அதை அரிக்கும். எதுவாக இருந்தாலும் மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

முதல் 20 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். முறுக்கிச் சுருட்டி அமுக்கிவிட்டால் மடிப்புக்குள் நிறம் போகாது, நெய்ச்சோற்றைக் கிளறுகிற மாதிரி அடியிலிருந்து மேலே புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் துணியைத் தூக்கிப் பார்த்தால் நீலம் ஏறியிருக்கும், ஆனால் ஏமாறாதீர்கள், குழாயில் பிடித்தால் பாதி ஓடிவிடும், இன்னும் பிணைப்பு உண்டாகவில்லை. இப்போது துணியை ஓரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தனியாக வெந்நீரில் கரைத்து ஆற வைத்த சோடாவைப் பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிவிட்டுத் துணியை மறுபடி இறக்குங்கள். சோடாவைத் துணி மேலேயே ஊற்றினால் ஊற்றிய இடம் மட்டும் கறுத்துவிடும். இன்னும் ஒரு மணி நேரம், முதல் கால் மணி நேரம் கைவிடாமல் கிளறி, பிறகு அவ்வப்போது. சோடா சேர்த்த சாயத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. துணியோடு வினைபுரிகிற அதே சாயம் தண்ணீரோடும் வினைபுரியும், சில மணி நேரத்தில் தண்ணீரோடு சேர்ந்து செத்துப்போகும், பார்க்க அதே நீலமாக இருந்தாலும் துணியில் பிடிக்காது.

அப்படித் தண்ணீரோடு சேர்ந்துபோன சாயம்தான் நம் துணியிலும் கொஞ்சம் சிக்கிக்கொண்டிருக்கும். அதை வெளியேற்றாவிட்டால், என்ன நல்ல சாயம் போட்டாலும் ஆறு மாதத்துக்கு மற்ற துணியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் உப்பும் சோடாவும் போக மூன்று நான்கு முறை அலசுங்கள். தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்ததும் "முடிந்தது" என்று தோன்றும். அப்போது கொதிநீரில் கொஞ்சம் சோப்பு போட்டு 10 நிமிடம் துணியை ஊறப்போட்டுப் பாருங்கள், தெளிந்த தண்ணீர் மறுபடி நீலமாகும். எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமான இடம் இது, இத்தனை நிறம் எங்கே ஒளிந்திருந்தது என்று தோன்றும். வெந்நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள், அந்த வேட்டிக்கு மூன்று முறை ஆனது. கடைசியில் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள், கைக்குட்டையில் நிறம் இறங்கவில்லை என்றால் தைரியமாக மற்ற துணியோடு சேர்த்துத் துவைக்கலாம்.

காய்ந்து மாட்டியபோது வேட்டி நல்ல கருநீலம். கரையில் இருந்த ஜரிகை தங்க நிறத்திலேயே நின்றது. திரைக்காக நான்கு பக்கமும் ஓரம் அடித்த நூல் மட்டும் நீலத்தின் மேல் வெள்ளை எறும்பு வரிசை போனது மாதிரி பளிச்சென்று தெரிந்தது, தையல் நூல் பாலியஸ்டர். சட்டை, சுடிதார், உறை என்று தைத்த எதை முக்கினாலும் இது நடக்கும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வேண்டாம் என்றால் முக்கிய பிறகு தையுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும், சாயத்தோடு சேர்ந்து மங்கலாக்கும், அலசும்போதும் சிக்கிய சாயத்தை வெளியே விடாது. சாயம் கரைக்கும் அந்த 5 லிட்டருக்காவது மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள்.

மஞ்சள், கடுக்காய், அவுரி

இயற்கைச் சாயம் என்றதும் பலரும் மஞ்சளில் தொடங்குவார்கள், சுலபமாக நிறம் வருவதால். வேண்டுதலுக்கு மஞ்சளில் நனைத்துக் கட்டிய துணி எப்படிப் பளபளக்கும் என்று நமக்குத் தெரியும். மஞ்சளின் குர்குமின் துணைப்பொருள் இல்லாமலே பருத்தியில் ஏறும். ஆனால் அம்மாக்கள் குழம்புக் கறை பட்ட சட்டையைத் துவைத்து வெயிலில் போடுவார்கள் அல்லவா, சாயங்காலம் கறை காணாமல் போயிருக்கும். குர்குமினுக்கு வெயில் ஆகாது. கறைக்கு நல்ல செய்தி, ஜன்னல் திரைக்கு மிகக் கெட்ட செய்தி. போதாததற்குச் சோப்பு பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பாகிறதே, அதே காரணம்தான், காரம். பீட்ரூட்டையும் செம்பருத்தியையும் இதே வரிசையில் வைத்துவிடுங்கள், பானையில் கண்ணைப் பறிக்கும், துணியில் நிற்காது.

நிற்கிற இயற்கைச் சாயம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு தரகர் வேண்டும். பருத்திக்குக் கடுக்காயும் படிகாரமும். கடுக்காயின் துவர்ப்பு, அதாவது டானின், செல்லுலோஸைப் பிடித்துக்கொள்ளும், படிகாரத்தின் அலுமினியம் டானினைப் பிடிக்கும், சாயம் அலுமினியத்தைப் பிடிக்கும். சங்கிலி மாதிரி. துணி எடையில் 15 முதல் 20 சதவீதம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் போட்டு இரவு முழுக்கத் துணியை ஊறவைத்து, பிழிந்து நிழலில் உலர்த்தி, பிறகு அதே அளவு படிகாரம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, அதற்கப்புறம்தான் மாதுளைத் தோலோ, வெங்காயச் சருகோ, சாமந்தியோ கொதிக்க வைத்த சாறு. வெங்காயச் சருகில் வரும் பொன்பழுப்பு எனக்கு மிகவும் பிடிக்கும், காய்கறிக் கடையில் சும்மாவே அள்ளிக் கொடுப்பார்கள்.

சோழமண்டலக் கரையில் மணலில் விளைந்த சாயவேர், சித்த மருத்துவத்தில் இம்பூரல் என்று சொல்வது, இந்தப் படிகாரத்தோடு சேர்ந்து கொடுத்த சிவப்புக்காகத்தான் ஐரோப்பியக் கப்பல்கள் கலம்காரித் துணி வாங்க வந்தன. மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலும் அந்த வேரைத் தோண்டி எடுத்தார்கள். படிகாரத்துக்குப் பதில் இரும்பு போட்டால் கறுப்பு. அரிவாள்மனையில் வாழைப்பூவோ நெல்லிக்காயோ நறுக்கினால் கை கறுக்கிறதே, துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த நிறம் அது. துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் போட்டு, மூடியை இறுக்காமல் இரண்டு மூன்று வாரம் புளிக்க விட்டு எடுத்த தண்ணீரைத்தான் கலம்காரிக்காரர்கள் கறுப்புக் கோட்டுக்கு எழுதுகோலில் தொட்டு எழுதுகிறார்கள். கடுக்காயில் ஊறிய துணியில் அந்தத் தண்ணீர் பட்டதும், கண்ணெதிரே, பழுப்பாக இருந்த கோடு கறுப்பாகும். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வித்தை கிடையாது. ஆனால் இரும்பு அதிகமானால் வருடங்கள் போகப் போகத் துணி இற்றுவிடும், கொஞ்சமாகப் போடுங்கள்.

அவுரி நீலம் இந்தக் கணக்கு எதிலும் சேராது. நீலம் தண்ணீரில் கரையவே கரையாது. காரத் தண்ணீரில் பிராணவாயுவை நீக்கினால் மஞ்சள்பச்சையாக மாறிக் கரையும், அந்த நிலையில் நூலுக்குள் போகும். துணியைப் பானையிலிருந்து தூக்கினால் பச்சையாகத்தான் வரும், காற்றுப்பட்டு ஒரு நிமிடத்துக்குள் ஓரத்திலிருந்து நீலம் படர்ந்து வரும், மறுபடி கரையாத பொருளாகி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. பானையைப் பக்குவமாக வைத்திருப்பது தனி வித்தை என்பதால், முதல் முயற்சிக்கு இது வேண்டாம்.

மஞ்சளோ பீட்ரூட்டோ நிற்கவில்லை என்று இயற்கைச் சாயத்தையே ஒதுக்குகிறவர்களும், இயற்கை என்றால் எல்லாமே நிற்கும் என்று நம்புகிறவர்களும் ஒரே விஷயத்தைத்தான் தவற விடுகிறார்கள், அந்தத் தரகரை.

முக்கிய பிறகு வருத்தப்படாமல் இருக்க

சாயம் ஏற்கெனவே இருக்கும் நிறத்தோடு சேரும், அதை மறைக்காது. மஞ்சள் துப்பட்டாவை நீலத்தில் முக்கினால் பச்சை, சிவப்பை முக்கினால் ஊதா. அடர் நிறத்தை வெளிர் நிறமாக்கச் சாயத்தால் முடியாது. கறை இருந்தால் அதைவிட அடர்ந்த நிறத்துக்குப் போங்கள், அல்லது சுங்குடி மாதிரி முடிச்சுப் போட்டு முக்குங்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நூலால் இறுக்கிய புள்ளிக்குள் சாயம் நுழையாததால் அந்த இடம் பழைய நிறத்திலேயே பூவாக நிற்கிறது, கறையும் அந்தக் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. முடிச்சை அவிழ்ப்பது காய்ந்த பிறகு.

நிறத்தை எடுக்கக் குளோரின் பிளீச் போடுகிறவர்கள் பட்டு, கம்பளி, எலாஸ்டிக் துணிகளின் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. பட்டும் கம்பளியும் கரைந்தே போகும். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

படுக்கை விரிப்பு, கனமான துண்டு மாதிரி பெரிய துணிகளில் முதலில் கை வைக்க வேண்டாம். இரட்டைக் கட்டில் விரிப்பு நனைந்தால் தூக்கிப் புரட்டவே இரண்டு பேர் வேண்டும், புரட்ட முடியாவிட்டால் திட்டுத்தான். தலையணை உறை, கைக்குட்டை, துண்டுத் துணி இவற்றில் இரண்டு மூன்று முறை கை பழகிய பிறகு பெரிதுக்குப் போங்கள்.

கடைசியாகச் சாயத் தண்ணீர். திருப்பூரில் நொய்யல் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். சாயக் கழிவு உப்போடு சேர்ந்து ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கே ஆகாமல் போய், கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை போனது. நம் ஒரு பக்கெட்டை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால் நிலத்தைக் கெடுப்பது நிறத்தைவிட உப்புதான், நம் 5 லிட்டரில் கால் கிலோ உப்பு இருக்கிறது. ஆகவே முக்கி முடித்த தண்ணீரைச் செடிக்கோ தென்னை மூட்டிலோ ஊற்றாதீர்கள், கிணற்றடியிலும் வேண்டாம். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதில் விடுங்கள். அது இல்லாத வீட்டில் நான் செய்வது, ஒரே சாயத்தில் பல துணிகளைச் சேர்த்து முக்குவது: சோடா சேர்ப்பதற்கு முன்னாலேயே வீட்டில் வெளுத்துக் கிடக்கும் கைக்குட்டை, உறை, பழைய பனியன் எல்லாவற்றையும் எடை போட்டு ஒன்றாக இறக்கிவிடுவேன், நான்கு பக்கெட் போக வேண்டிய இடத்தில் ஒன்றோடு முடிந்துவிடும்.